அம்மாவுக்கென்று எழுதிய கதிரை

எனக்குக் கதிரை செய்யத் தெரியாது, தாளில் கீறத் தெரியும். கோப்பையைக் கவிழ்த்துக் கீறிய மஞ்சள் வட்டம்தான் வலது கைப்பிடி. இடது கைப்பிடி நீலப் படிக்கட்டுப்போல இறங்கி, பாதியில் நின்றுவிடும். தாளில் அதற்குமேல் இடமிருக்கவில்லை. முதுகுக்குச் சிவப்பு முக்கோணம். இருக்கை பச்சை, தரையோடு ஒட்டிக் கிடக்கும். பார்க்க அட்டகாசமாக இருந்தது.

மட்டக்களப்பு நகரில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு அதை அனுப்ப, ஏன் இப்படிக் கீறினேன் என்று ஒரு வரி எழுதச் சொன்னார்கள். எனக்கு ஒரு காரணமும் இல்லை. பாரிசவாதத்தால் அம்மாவின் இடப்பக்கம் விளங்காமல் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ‘இடக்கை ஊன்ற முடியாத என் அம்மாவுக்காக’ என்று தாளின் அடியில் எழுதினேன். கூசாமல் எழுதிய பொய். உடனே தேர்வாகிவிட்டது; கதிரையைச் செய்து அனுப்பச் சொன்னார்கள்.

கொக்கட்டிச்சோலையில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த மரவேலை ஓடாவியாரிடம் தாளைக் கொடுத்தேன். ஆளைப் பார்க்காமல் அவர் கதிரை செய்யமாட்டார். இருக்கப்போகிறவரை வாங்குப் பலகையில் இருத்தி, முழங்கால் உயரம், முழங்கை உயரம் என்று நூல் பிடித்து முடிச்சுப் போட்ட பிறகுதான் மரத்தில் கைவைப்பார். அடியிலிருந்த வரியை வாசித்துவிட்டு, “அம்மாவக் கூட்டி வா மனே, நூல் புடிக்கணும்” என்றார்.

“நூல் ஒண்டும் வேணாம். கீறினபடி செய்யுங்க.”

“இருக்கை இவ்வளவு பதிவா, நிலத்தோட கிடக்கே. அவ எப்பிடி எழும்புற?”

“உங்களுக்கு இது விளங்காது” என்றேன். அவர் தாளை மடித்துக்கொண்டார். அந்தத் திமிரை நினைக்க இப்போதும் உடம்பு கூசுகிறது.

கதிரை மண்டபத்துக்கு வந்து சேர்ந்ததும், கண்காட்சி நடத்தியவர்கள் அம்மாவையும் அழைத்துவரச் சொன்னார்கள். மறுக்க வழியில்லை. அம்மா கலியாண வீட்டுக்குக் கட்டும் சேலையில் வந்தார். எல்லோரும் கைதட்ட, அந்தப் பச்சை இருக்கையில் என் தோளைப் பிடித்தபடி மெல்ல அமர்ந்தார். படம் எடுத்தார்கள். வசதியாக இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். “என்ட மனமறிஞ்சு செஞ்சிருக்கான்” என்று அம்மா சிரித்தார். பிறகு பேச்சுகள் நடந்தன, தேநீர் கொடுத்தார்கள். அம்மா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பிடித்துப்போய்விட்டது என்றே நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

மண்டபம் வெறுமையான பிறகு வலக்கையால் என்னைக் கூப்பிட்டார்.

“தூக்கி விடு மனே. அப்பவே எழும்பப் பாத்தன், ஏலாமப் போச்சு. ஆக்களுக்கு முன்னால உனக்கு வெக்கமாப் போயிரும் எண்டு இருந்திட்டன்.”

இரண்டு மணித்தியாலம். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினேன். நல்ல காலும் மரத்துப்போயிருந்தது. என் முகத்தை அவர் பார்த்துவிடக்கூடாது என்று செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஓட்டோ பாலம் தாண்டியது. அம்மா என் கையைத் தட்டிச் சொன்னார்: “சரியா வராட்டிப் பறவாயில்ல. எனக்கெண்டு நினைச்சுக் கீறினயே, அது போதும்.”

“ஓம் அம்மா” என்றேன்.