சிவப்பு ஸ்விட்சைத் திருப்பும் முன்

ஆழ்வார்பேட்டையில் ஒரு பழைய வீட்டின் மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தமே மூன்று பேர். கம்பெனியைத் தொடங்கியவரை நாங்கள் சார் என்போம். இரும்பு வேலை, பல்சக்கரம், வெல்டிங் எல்லாம் பார்த்துக்கொண்டவர் திருவல்லிக்கேணிக்காரர், என்னைவிடச் சின்னவர். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை பாய் என்பேன். எலக்ட்ரானிக் போர்டுக்குள் ஓடுகிற புரோகிராமை, அதாவது ஃபர்ம்வேரை, எழுதுவது என் வேலை.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு வின்ச். கரைக்கு வந்த ஃபைபர் படகை மணலில் மேலே இழுத்து ஏற்றுகிற, பேட்டரியில் ஓடும் இயந்திரம். கயிறு சுற்றுகிற ஒரு டிரம், அதைத் திருப்ப ஒரு மோட்டார், மோட்டாரை ஆட்டிவைக்க ஒரு எவாலுவேஷன் போர்டு. ஒரு சிப்பை மொத்தமாக வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்கட்டும் என்று அதைச் செய்கிறவர்களே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு கொடுப்பார்கள், அதுதான். எங்களிடம் அப்படி இரண்டு இருந்தன.

அந்தப் போர்டுக்குத் தானாக ஒன்றும் தெரியாது. பவர் கொடுத்ததும் சும்மா உட்கார்ந்திருக்கும். லேப்டாப்பை இணைத்து, எந்தத் திசை, எவ்வளவு வேகம், கரன்ட் எதுவரை போகலாம் என்று ஒவ்வொரு கமாண்டாகத் தட்டி, கடைசியில் ‘ஓடு’ என்று சொன்னால்தான் மோட்டார் ஓடும்.

சாருக்கு அது பிடிக்கவில்லை. “பார்க்க வர்றவங்க முன்னாடி உக்காந்து டைப் அடிச்சிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? ஸ்விட்சைப் போட்டா தானா ஓடணும்” என்றார்.

நான் தினமும் கையால் தட்டிய கமாண்டுகளை ஒரு ஸ்க்ரிப்டாக ஃபர்ம்வேருக்குள்ளேயே வைத்தேன். பவர் வந்ததும் போர்டு அதைத் தானே வரிவரியாகப் படித்துச் செய்துவிடும். பெரிய வேலை இல்லை. மேஜை மேல் சின்ன மோட்டார் ஒன்றை இணைத்துச் சோதித்தேன். ஸ்விட்சைப் போட்டேன். ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் மோட்டார் துள்ளி எழுந்து ஓடியது.

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். எழுதியது நான்தான், ஓடும் என்றும் தெரியும். ஆனாலும் அந்த நொடியில் யாரும் அதை ஓடு என்று சொல்லவில்லையே என்றுதான் தோன்றியது.

வின்சில் ஒரு சிவப்பு ஸ்விட்ச் உண்டு. அடித்தால் பவர் அறுந்து எல்லாம் நின்றுவிடும். திருப்பிவிட்டால் பவர் திரும்ப வரும். நிற்பதில் ஆபத்து இல்லை. நின்றபின் யாராவது டிரம்மில் கை வைத்திருக்கும்போது இன்னொருவர் அதைத் திருப்பினால்? பவர் வரும், போர்டு விழிக்கும், ஸ்க்ரிப்டைக் கடைசி வரி வரைக்கும் படிக்கும்.

சாரிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, “சரி, ஆபீஸ்ல காட்டறதுக்கு இது இருக்கட்டும். கரைக்கு வேற பண்ணிடு” என்றார். இரண்டாவது போர்டில் அந்தக் கடைசி வரியை எடுத்தேன். எல்லாவற்றையும் தயார் செய்துகொண்டு, யாராவது பச்சைப் பட்டனை அழுத்தும்வரை காத்திருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அட்டைப் பெட்டிகள் மேல் மட்டும் மார்க்கரில் எழுதிவைத்தேன்.

நொச்சிக்குப்பத்தில் சோதனை வைத்த அன்று காலை அம்மாவை அடையாறில் பல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. சாரும் பாயும் முன்னாடியே போய்விட்டார்கள். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நான் ஆபீசுக்கு வந்தேன். மாலையில் யாரோ பார்க்க வருவதாக இருந்ததால், மேஜையில் இருந்த போர்டை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று ஸ்விட்சைப் போட்டேன்.

மோட்டார் அசையவில்லை.

ஒயர் ஏதாவது கழன்றிருக்குமோ என்று தொட்டுப் பார்த்தேன். அணைத்து மறுபடி போட்டேன். அசையவில்லை. லேப்டாப்பை இணைத்தேன். திரையில் நானே எழுதிய வரி வந்து நின்றது: பச்சைப் பட்டனுக்காகக் காத்திருக்கிறது.

கரைக்குப் போக வேண்டிய போர்டு இங்கே இருக்கிறது. அப்படியென்றால் தானாக ஓடுகிற போர்டு அங்கே.

பாய்க்குப் போன் அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. சார் எடுக்கவில்லை. இருவருக்கும் மெசேஜ் போட்டேன்: ‘டிரம்மில் கை வைக்காதீங்க’. யாரும் பார்க்கவில்லை. படியில் இறங்கும்போதே மறுபடி போன் அடித்துக்கொண்டு ஓடினேன்.

ஆட்டோ லஸ் சிக்னலில் நின்றது. “கொஞ்சம் சீக்கிரம் போங்கண்ணா.”

“எங்கம்மா போறது? முன்னாடி பஸ்ஸு நிக்கிது பாரு” என்றார் ஆட்டோக்காரர். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. “ஆஸ்பத்திரியா?” என்று குரலைத் தணித்துக் கேட்டார்.

“இல்ல” என்றேன். மறுபடி பாய்க்குப் போன் அடித்தேன்.

எனக்குள் ஒரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. முதலில் போட்டதுமே தானாக ஓடியிருக்கும். பாய்க்குச் சந்தேகம் வந்திருக்கும். இல்லை, வந்திருக்காது, சார் எப்போதும் சொல்வது அதைத்தானே, நல்லா ஓடுது என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். கயிறு சிக்காமல் இருந்தால் போதும். ஆனால் அந்தக் கயிறு டிரம்மில் ஏறுமாறாக விழுந்து சிக்குகிறது என்று முந்தின நாள்தான் பாய் என்னிடம் சொல்லியிருந்தார். கையை விட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கு மேடம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கச்சேரி ரோடு முழுக்க அந்தச் சிரிப்புதான் என் கண் முன்னால் நின்றது. மடியில் கிடந்த போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

லூப் ரோட்டில் மீன் விற்கிறவர்களின் குடைகளுக்கு நடுவே இறங்கி, கையில் வந்த நோட்டைக் கொடுத்துவிட்டு ஓடினேன். படகு பாதி தூரம் ஏறி மணலில் சாய்ந்து நின்றது. கொஞ்சம் மேலே வின்ச். டிரம் சுற்றவில்லை. அதன் முன்னால் பாய் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் கயிற்றுக்கும் டிரம்முக்கும் நடுவே விட்டு எதையோ நெம்பிக்கொண்டிருந்தார். சார் பேட்டரிப் பெட்டி அருகே குனிந்திருந்தார். அவர் கை சிவப்பு ஸ்விட்ச் மேல் இருந்தது.

“கை வைக்காதீங்க!” என்று கத்தினேன். அலைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மணலில் கால் புதைந்தது. செருப்பு ஒன்று கழன்றுகொண்டது. சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இரு வரேன் என்பதுபோல ஒரு கையைக் காட்டிவிட்டு மறுபடி குனிந்தார். இன்னொரு கை ஸ்விட்சை விடவில்லை.

படகுக்காரரின் மனைவி பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்குத்தான் முதலில் என்னவோ புரிந்தது. “யோவ், அந்தப் பொண்ணு இன்னாத்துக்கோ கத்திக்கினு ஓடியாருது, இரு!” என்று சாரின் தோளைப் பிடித்து இழுத்தார். சார் தடுமாறி ஸ்விட்சை விட்டார். நான் போய்ச் சேர்ந்ததும் பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன்.

“என்ன மேடம்?” என்றார் பாய். கைகள் இன்னும் உள்ளேதான் இருந்தன.

“முதல்ல கைய எடுங்க.”

எடுத்தார். மணலில் உட்கார்ந்து, மூச்சு வாங்க, பெட்டிக்குள் போர்டு மாறிப் போயிருக்கிறது என்று சொன்னேன். சார், “ஆஃப்லதானே இருந்தது, பாய் முடிச்சதும்தான் போடலாம்னு…” என்று ஆரம்பித்து, “முடிச்சிட்டார்னு நெனச்சேன்” என்று நிறுத்தினார்.

பாய்தான் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். படகிலிருந்து கயிற்றைக் கழற்றி, சிக்கை அப்படியே விட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். ஒயரை மாட்டி, எட்டி நின்று அவரே ஸ்விட்சைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. சார் என் பக்கம் திரும்பினார். அதே சமயம் டிரம் சுழன்றது. பாயின் கைகள் இருந்த இடத்தில் கயிறு ‘கிரீச்’ என்று இறுகி, விரல் நுழைகிற இடம்கூட இல்லாமல் மூடிக்கொண்டது.

பாய் ஸ்விட்சை அடித்து நிறுத்தினார். தண்ணீர் வரைக்கும் நடந்து போய், கிரீஸ் பட்ட கைகளை உப்புத் தண்ணீரில் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

“கை போயிருக்குமா?” என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார்.

“ஆமாம்மா.”

“அப்ப இது வாணாம். எங்க ஆளுங்களே இழுத்துக்குவாங்க” என்றவர் ஆட்களைக் கூப்பிட்டார். எல்லோரும் தோள் கொடுத்துப் படகை ஏற்றினார்கள். நாங்களும் போய்க் கை கொடுத்தோம். நான் தள்ளினேனா, பிடித்துக்கொண்டு நின்றேனா என்று சொல்ல முடியாது.

அன்று மாலை வருவதாக இருந்தவர்களை சார் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் தானாக ஓடிய போர்டிலிருந்தும் அந்தக் கடைசி வரியை எடுத்தேன். ஆபீஸ் போர்டு தானாக ஓடட்டுமே என்று யாரும் சொல்லவில்லை. ஃபர்ம்வேரிலேயே ஒரு தடுப்பும் வைத்தேன்: ஸ்க்ரிப்டில் ‘ஓடு’ என்று யார் எழுதினாலும் போர்டு அதைச் செய்யாது. பட்டனை ஒரு ஆள் அழுத்த வேண்டும், அழுத்தியபடியே இருக்க வேண்டும். விட்டால் நின்றுவிடும். பெட்டி மேல் எழுதுவதை நம்புவதை அத்தோடு விட்டேன்.

பாய் அந்த வாரம் முழுவதும் வேலை செய்யும்போது பேட்டரி ஒயரைக் கழற்றித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒருநாள் டீ குடிக்கும்போது, “வீட்ல சொல்லல மேடம்” என்றார். நானும் என் வீட்டில் சொல்லவில்லை.

மறுபடி கரைக்குப் போக எங்களுக்கு ரொம்ப நாள் ஆயிற்று. அந்த அம்மாவிடம் சார் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஸ்விட்சைப் போட்டால் தானாக ஓடாது என்பதை அந்த அம்மா ஒன்றுக்கு மூன்று தடவை திருப்பிப் பார்த்தபின்தான் நம்பினார். இப்போது அந்த வின்ச் அங்கே இருக்கிறது. பட்டனை அவர்தான் அழுத்துகிறார், வேறு யாரையும் தொட விடுவதில்லை.

எப்போதாவது அந்தப் பக்கம் போனால் நின்று பார்ப்பேன். படகு மெல்ல ஏறும். “கிட்ட வந்து பாரேன்மா, இன்னா பயம்?” என்று கூப்பிடுவார். ரோட்டிலிருந்தே கையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன்.