அறுபது துண்டு ரப்பர் நாடா

எலாஸ்டிக் என்ற பெயர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்பே அந்தப் பொருள் வந்துவிட்டது. அக்கா அதை ரப்பர் நாடா என்றாள். அப்பா சிரித்தார். "ரப்பர்ல நாடாவா? எறிஞ்சா திரும்பி வந்து நம்ம மூஞ்சியிலயே அடிக்குமேம்மா" என்றார். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் நாடா என்றால் தறியில் இங்குமங்கும் ஓடுகிற நாடாதான். பாவாடையில் கோர்க்கிறதற்கும் அதே பெயர் என்பது ஆண்பிள்ளைகளுக்குச் சட்டென்று ஞாபகம் வராது.

எனக்கு அப்போது எட்டு வயது, அக்காவுக்குப் பதினான்கு. அப்பா நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வருகிற சேலை அது. அதை ஒற்றை ஆள் நெய்ய முடியாது. நெய்கிறவர் உடலுக்கான நாடாவை எறிவார். வலது கரைக்கான நாடாவை எறிய அந்தப் பக்கம் இன்னொருவர் உட்கார வேண்டும். ஏழு வயதிலிருந்து அந்த இடத்தில் அக்காதான் உட்கார்ந்தாள். விடிந்ததும் தறி, மணியடித்ததும் பள்ளிக்கூடம், திரும்பி வந்ததும் மறுபடி தறி. அம்மாவுக்கு இடுப்பில் தம்பி, கையில் நாடாவுக்குள் வைக்கிற தாரில் நூல் சுற்றுகிற வேலை. எனக்கு மட்டும் ஒரு வேலையும் கிடையாது. அரைநாள் சின்ன வகுப்புக்குப் போய்விட்டு வந்து, யார் காலிலாவது இடறிக்கொண்டிருப்பேன்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸம்மா இருந்தார். புத்தகத்துத் தமிழைப் புத்தகத்தில் இருக்கிறபடியே பேசுவார். முந்தின வருஷம் கோடை விடுமுறைக்குப் போன போர்டிங் பெண் ஒருத்தி, முசரவாக்கத்து ஏரியில் தன் அக்காவோடு குளிக்க இறங்கி, நனைந்த பாவாடை காலைச் சுற்றிக்கொண்டு மூழ்கிப்போனாள். கரையேறி நின்று கத்திய அந்த அக்காவும் அதே போர்டிங்கில்தான் படித்தாள். நெடுநெடுவென்று வளர்ந்த பெண். அதற்குப் பிறகு அவள் யாருடனும் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை. அந்தக் குழந்தையைப் புதைத்துவிட்டுத் திரும்பிய மிஸ்ஸம்மா, நீந்தத் தெரியாமல் ஒரு பெண்ணும் இந்தப் பள்ளியைவிட்டுப் போகலாகாது என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத் தோட்டத்தில் படி வைத்த பெரிய கிணறு இருந்தது. சுற்றிலும் ஓலைத் தடுப்பு எழும்பியது. பாவாடையோடு நீந்த முடியாதே, அதனால் உடுப்பு தைக்க வேண்டும் என்று ஆயிற்று.

தைக்கிற வேலை அக்காவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்திலேயே அவள் கைத்தையல்தான் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும். கழுத்திலிருந்து முழங்கால் வரை ஒரே உடுப்பு, கருநீல முரட்டுத் துணி. இடுப்பில் ஒன்று, கால்களில் இரண்டு, கைகளில் இரண்டு என்று ஐந்து இடத்தில் ரப்பர் நாடா. பன்னிரண்டு பெண்களுக்குப் பன்னிரண்டு உடுப்பு. இந்தச் சேதி தெருவில் பரவியபோது பக்கத்து வீட்டு அம்மாள், "தண்ணியில எறங்கறதுக்கே சட்டையாம். கரையேறுனதும் இன்னாத்த போட்டுக்குவாளுங்களோ!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஒருநாள் மிஸ்ஸம்மா எங்கள் வீட்டுக்கே வந்தார். அம்மா போட்ட மணைப்பலகையில் முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்து, அப்பாவிடம் சொன்னார்: "பட்டணத்துப் பயிற்சிப் பள்ளியின் தலைவி அடுத்த வாரம் வருகிறார். இந்த உடுப்புகளைப் பார்வையிடுவார். நன்றாக அமைந்தால் உமது மகளைத் தம்மோடு அழைத்துச் செல்வார். அவள் தையல் ஆசிரியை ஆவாள்."

அம்மா கதவோரத்தில் நின்று அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அக்கா மூச்சுவிட்டாளோ என்னவோ. அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "ஆவட்டும்மா" என்றார். வேறென்ன சொல்வார்? வீடு தேடி வந்த வெள்ளைக்காரியிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கப்பட்டவர்கள் யாரும் எங்கள் தெருவில் இல்லை.  அன்று முழுக்க அக்கா பாடிக்கொண்டே தண்ணீர் எடுத்தாள். அவள் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

உடுப்பெல்லாம் பள்ளிக்கூடத்து மிஷினில் தைத்தாகிவிட்டது. ரப்பர் நாடாவை வெட்டிக் கோர்க்கிறது ஒன்றுதான் பாக்கி. அதை வீட்டில் வைத்துச் செய்துகொள்ளலாம் என்று ஒரு பெரிய வெள்ளைச் சுருளைக் கொண்டுவந்தாள். மறுநாள் காலையில் அப்பாவே கேட்டார். "அறுவது துண்டு, நீ எப்பம்மா வெட்டுவ? அளவு எழுதி வெச்சுட்டுப் போ. நான் வெட்டி வெக்கறேன்." அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தெருவில் யார் வீட்டுத் தறிக்குப் பாவு நூல் நீட்டினாலும் அளவு பார்க்க அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட கை தன் வேலைக்கு வருகிறதென்றால் அப்பாவுக்கு மனசார சம்மதம் என்றுதானே அர்த்தம்? அவள் துள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

மத்தியானம் நான் சின்ன வகுப்பிலிருந்து வந்தபோது அப்பா தறிக்கு வெளியே பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. ரப்பர் நாடாவின் முனையைப் பலகைமேல் தளரப் போட்டு, கரித்துண்டால் இரண்டு கோடு கிழித்தார். இழுத்தார், கோடுகள் தூரமாகப் போயின. விட்டார், பழைய இடத்துக்கே வந்தன. மறுபடியும் இழுத்தார், விட்டார். அப்பா விளையாடுகிறார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். பிறகு வெகுநேரம் தறியின் வலப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோடு போட்ட முனையைக் கத்தரித்து அடுப்பில் எறிந்தார். "இன்னா நாத்தம் இது?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். 

அப்புறம் என்னைப் பார்த்தார். "வா சின்னவளே, இந்த முனையப் பிடி" என்றார்.

பலகையில் அளவுக்கு ஆணி அடித்தாயிற்று. ஓர் ஆணியிடம் நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்பா மறுபக்கம் இழுத்து, பாவு நூலைச் சுண்டிப் பார்க்கிற மாதிரி விரலால் சுண்டினார். "இன்னும் இழு" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். மறுபடி சுண்டினார். விண்ணென்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் வந்ததும் வெட்டினார். துண்டு சுருங்கிக்கொண்டு துள்ளி விழும். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அறுபது தடவையும் அந்தச் சத்தம் வருகிறவரை இழுத்தோம். கடைசியில் என் உள்ளங்கை சிவந்துபோயிற்று. அப்பா என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி, ஒரு தரம்கூட விடல பாரு" என்றார். அவர் அப்படியெல்லாம் சொல்கிறவர் இல்லை.

சாயங்காலம் அக்கா ஒரு துண்டை எடுத்துத் துணியின்மேல் வைத்துப் பார்த்தாள். பாதி தூரத்துக்குத்தான் வந்தது. "அப்பா, கொறச்சலா இருக்குதே?" என்றாள். "உடம்புல போட்டா இழுத்துக்கும்மா. அதுக்குத்தானே அது ரப்பரு" என்றார் அப்பா, தறியைவிட்டுக் கண்ணெடுக்காமல். அக்காவுக்கு அரைமனசுதான். சுருளில் பாதி மிச்சமிருந்தது. அதை எடுத்து மறுபடி வெட்டலாமா என்று கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு துண்டுகளின் முனையில் ஊக்கு மாட்டி, ஒரு உடுப்பின் மடிப்புக்குள் இழுத்துக் கோர்த்து, என்னைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டாள்.

"வலிக்குதாடி?"

நான் குச்சி மாதிரி இருப்பேன். அந்தக் குச்சிக் காலிலேயே அது சுருக்கென்று கடித்தது. ஆனால் வலிக்கிறது என்று சொன்னால் கழற்றிவிடுவாள். காஞ்சிபுரத்திலேயே முதல் நீச்சல் உடுப்பு என் உடம்பில் இருந்தது. "இல்லக்கா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நம்பினாள். மிச்சச் சுருளை மிஸ்ஸம்மாவிடம் திருப்பிக் கொடுக்கக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். காலில் சிவந்திருந்த தடத்தைப் பாவாடையால் மூடிக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.

பட்டணத்து அம்மாள் வந்த அன்று அக்காவுக்குத் துணையாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பன்னிரண்டு பெண்களும் தடுப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்கள். வந்தார்கள் என்றா சொல்வது? ஒருத்தியாலும் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. துணி கொத்துக் கொத்தாகச் சுருங்கி மேலே ஏறிக்கொண்டது. இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். முசரவாக்கத்து நெடிய பெண் மட்டும் கிணற்றுப் படியில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றவள், "காலு மரத்துப்போச்சு மிஸ்ஸம்மா, கீழ படி இருக்குதான்னே தெரியல" என்று நடுங்கிக்கொண்டு கையை நீட்டினாள். மிஸ்ஸம்மா செருப்போடு தண்ணீரில் இறங்கி அவளைத் தூக்கினார். பிறகு கத்தரிக்கோலால் ஒவ்வொரு பெண்ணுக்கும் ரப்பரை வெட்டிவிட்டார். வெட்ட வெட்ட, தடம் பதிந்த தோல் தெரிந்தது.

வெட்டிய துண்டுகளை மேஜையில் பரப்பி, அடிக்கோலை வைத்து ஒவ்வொன்றாக அளந்தார். "இவற்றை வெட்டியது யார்?" என்று கேட்டார்.

எங்கப்பாதான், நான்தான் பிடித்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். "நான்தான் வெட்டினேன் மிஸ்ஸம்மா" என்றாள்.

பட்டணத்து அம்மாள் இங்கிலீஷில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். பக்கத்தில் நின்ற டீச்சர், "அளவு வராத கைக்குத் தையல் வராதுன்னு சொல்றாங்க" என்று அக்காவுக்குத் தமிழில் சொன்னாள். அவ்வளவுதான். வீடு வரை எனக்கு ஒரே கோபம். நான் அறுபது தடவை பிடித்த பெருமையை இவள் தட்டிக்கொண்டுபோய்விட்டாளே என்று.

வீட்டில் அப்பா கேட்டார். "சரியா வரலப்பா" என்றாள் அக்கா. அன்று அப்பா இலைமுன் உட்கார்ந்து, சோற்றில் கை வைக்காமல் எழுந்து போனார். அம்மா குழம்பில் உப்புப் போட மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறுநாள் விடிந்தபோது அக்கா தறியின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

மிச்சச் சுருளை வைத்து வேறொரு டீச்சர் உடுப்புகளைச் சரிசெய்தாள். பெண்கள் நீந்தக் கற்றார்கள். முசரவாக்கத்துப் பெண் கிணற்றைக் குறுக்கே கடப்பதை நானே பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை. அடுத்த வருஷம், இரண்டு வீடு தள்ளியிருந்த அத்தையின் மகனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். தம்பி வளர்ந்து அந்த இடத்துக்கு வருகிறவரை, காலையில் வந்து அப்பாவுக்குக் கரை எறிந்துவிட்டுப் போனாள். பட்டணத்துப் பயிற்சிப் பள்ளிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தி போகத்தான் போனாள், பத்து வருஷம் கழித்து. அது நான்.

ரப்பரைப் பாவு மாதிரி இழுத்து அளந்த கதை எங்கள் உறவில் பிரசித்தம். எந்தக் கல்யாணத்திலும் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். "எனக்கு இன்னாத்த தெரியும், ரப்பர நான் எங்க கண்டேன்" என்று அப்பாவும் சிரிப்பார். அக்காவும் சிரிப்பாள். நானும்தான்.

அப்பா போய் மூன்று வருஷம் ஆகியிருக்கும். தையல் வகுப்பில் பெண்களுக்கு எலாஸ்டிக் அளக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மேஜைமேல் தளரப் போட்டு இரண்டு கோடு கிழித்து, "இழுத்து அளந்தால் இப்படி ஏமாற்றும்" என்று இழுத்துக் காட்டி விட்டேன். கோடுகள் விலகி, திரும்பிச் சேர்ந்தன. என் கை அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு வகுப்பை என்னால் முடிக்க முடியவில்லை.

சனிக்கிழமை அக்காவிடம் போய், கரிக்கோட்டையும் அடுப்பில் எரிந்த முனையையும் சொன்னேன். தன் வீட்டுத் தறியின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த அவள் நாடாவை எறிவதை நிறுத்தவில்லை.

"மிஸ்ஸம்மா அடிக்கோல வெச்சப்பவே எனக்குத் தெரியும். வெவ்வேற நீளம், ஆனா அறுவதும் சரிபாதி கொறச்சல். ஒரு நூலுகூட வித்தியாசமில்ல. தெரியாம வெட்டுன கை அப்படி வெட்டாதுடி."

"கோவம் இல்லியாக்கா?"

"இருக்குது. அதுக்கு இன்னா பண்றது? நான் போயிருந்தா இந்தப் பக்கம் நீதான குந்தியிருப்ப."

எட்டு வயதில் இதில் எதுவும் எனக்குத் தெரியாது. கை நழுவினால் அப்பா முகத்தில் அடித்துவிடுமே என்ற பயம் ஒன்றுதான் இருந்தது. நழுவவிடாமல் பிடித்தேன், அப்பா கெட்டிக்காரி என்றார். சிவந்த உள்ளங்கையைக் காட்டி அந்தப் பெருமையை அப்புறம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து அக்கா திரும்புவதற்காக வாசலிலேயே காத்திருந்து, முதலில் அவளிடம்தான் சொன்னேன்.