பக்கத்துக் கல்லுக்காரனுக்கு எண்ணெய் தேய்த்த கதை

ஏழு வாரம் எனக்குக் கரண்ட் வைத்தார்கள். அந்த ஏழு வாரத்தில் ஒரு நாள்கூட நான் வேட்டியை நனைத்தது கிடையாது.

சரி, பொய். முதல் இரண்டு வாரம் நனைக்கவில்லை. மூன்றாவது வாரம், ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்புகிற வளைவில் நனைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காலடியில் ஒரு பை வெண்டைக்காய் வைத்திருந்தார். பேசாமல் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனுசன். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் கோபமெல்லாம் ஒரே ஒரு ஆள் மேல்தான்.

குற்றாலத்தில், மெயின் அருவிக்குப் போகிற வழியில், எண்ணெய் தேய்த்து விடுகிறவன் நான். நாற்பது வருசமாக ஒரே கல். ஆள் படுப்பார், தேய்ப்பேன், போய் அருவியில் நிற்பார். பள்ளிக்கூடத்துக்கு மழைக்கு ஒதுங்கப் போயிருக்கிறேன், வாத்தியார் விரட்டிவிட்டார். இதையும் நான் கல்லில் உட்கார்ந்து போனில் பேசி அனுப்புகிறேன், மகள் கேட்டு எழுதுகிறாள். கெட்ட வார்த்தை வந்தால் எடுத்துவிடுவாள். அவனைப் பற்றி வருகிற இடத்தில் எடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். கேட்க மாட்டாள்.

எனக்கு வந்தது புராஸ்டேட்டில் கேன்சர். மூத்திரப்பைக்குக் கீழே அப்படி ஒரு சாமான் எனக்கு இருக்கிறது என்பதே அது கெட்ட பிறகுதான் தெரியும். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் கரண்ட், அதாவது ரேடியேசன், வைக்க வேண்டும் என்றார்கள். நான் ஒயரை எங்கே சொருகுவார்கள் என்று பயந்துகொண்டு போனேன். ஒயரெல்லாம் இல்லை. இடுப்பில் மையால் கோடு போட்டு, ஒரு மிசினுக்குக் கீழே படுக்க வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். வலியும் இல்லை, சூடும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். பை நிறைந்திருந்தால்தான் கரண்ட் வேண்டாத இடத்தில் படாதாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை லீவு. உடம்பெல்லாம் சூடாக இருக்கிறதே என்று, வழக்கம்போல எனக்கு நானே தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளித்தேன். திங்கட்கிழமை மிசினுக்குக் கீழே வேட்டியை இறக்கினால் இடுப்பில் ஒரு கோடும் இல்லை. சின்னக் குழந்தை மாதிரி பளபளவென்று இருக்கிறேன். அங்கே இருந்த நர்ஸம்மா கேட்டார், "ஒங்க வேலை என்ன ஐயா?" சொன்னேன். "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார். திரும்பக் கோடு போட்டு முடிக்க ஒன்றரை மணி நேரம். அதுவரைக்கும் முட்ட முட்ட அடக்கிக்கொண்டு கிடந்தேன்.

ஏழு வாரமும் கரண்ட் வைத்து முடிந்து வீட்டோடு இருந்தபோதுதான் சங்கடம் முழுசாகத் தெரிந்தது. முட்டும், ஓடுவேன், நாலு சொட்டு வரும். அந்த நாலு சொட்டும் மிளகாய் அரைத்த கையால் தொட்ட மாதிரி எரியும். வேட்டியை இறக்கிக் கட்டி முடிப்பதற்குள் திரும்ப முட்டும். தண்ணீர் குடித்தால்தானே வரும் என்று குடிப்பதை நிறுத்தினேன். பெரிய புத்திசாலி. மூத்திரம் டீ டிக்காசன் நிறத்துக்கு வந்து, எரிச்சலில் கக்கூஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நர்ஸம்மாவுக்குப் போன் போட்டதில், தண்ணீரை நிறுத்தக் கூடாது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், நிறுத்த வேண்டியது காப்பியும் டீயும்தான் என்றார். காப்பியை விட்டேன். என் பெண்டாட்டியை விடச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன் என்று சொன்னேன். அன்று ராத்திரி சோறு கிடைக்கவில்லை.

எரிச்சல் ஒன்றிரண்டு மாதத்தில் அடங்கியது. முட்டுவது அடங்கவில்லை. அப்படியே கல்லுக்குத் திரும்பினேன், வேறு என்ன தொழில் தெரியும்? ஆனால் சாரல் சீசன் பாருங்கள். அருவி இரவு பகலாக அறைந்துகொண்டு கொட்டுகிறது. மூத்திரக் கோளாறு உள்ளவனை உட்கார வைக்க உலகத்திலேயே மோசமான இடம் என் கல்தான். தண்ணீர்ச் சத்தம் காதில் விழ விழ இங்கே முட்டும். காதில் பஞ்சை வைத்து அடைத்துப் பார்த்தேன். படுத்திருந்தவர் "வலிக்குது, வலிக்குது" என்று கத்தியது கேட்காமல் அவர் தோள்பட்டையை நெட்டி முறித்துவிட்டேன். பஞ்சை எடுத்தேன்.

இனிமேல்தான் அவன் வருகிறான். பக்கத்துக் கல்லுக்காரன். என்னைவிட நாலைந்து வயசு சின்னவன், எனக்குப் பக்கத்திலேயே இருபது வருசமாக எண்ணெய் தேய்க்கிறான். வாய் நிறைய அண்ணாச்சி, அண்ணாச்சி என்பான்.

அன்றைக்கு என் கல்லில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் குப்புறப் படுத்திருந்தார். முதுகு ஒரு கட்டில் அகலம். வலது பக்கம் முடித்தேன், முட்டிவிட்டது. "ஒரு நிமிசம் சார்" என்று ஓடினேன். திரும்பி வந்தால் அவன் என் கல்லில் நிற்கிறான். இடது பக்கம் தேய்த்துக்கொண்டிருக்கிறான். தேய்த்ததோடு விட்டிருந்தால் மறந்திருப்பேன். நான் பின்னால் நிற்பது தெரியாமல் பேசுகிறான்.

"சார், அந்த அண்ணாச்சிக்கு கீழ கேன்சரு. கரண்ட் வச்சிட்டு வந்திருக்காவ. கையில ஊறி எண்ணெயில எறங்கும் சார். நமக்கு எதுக்கு."

கோயம்புத்தூர்க்காரர் எழுந்து, நான் தேய்த்த வலது பக்கத்தைத் துண்டால் துடைத்தார். இடது பக்கத்தைத் துடைக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சீசன் முழுக்க அவன் அதையே சொன்னான். எனக்குச் சிற்றருவி என்று பேரும் வைத்தான். மெயின் அருவிக்கு மேலே கொஞ்சமாக விழுகிற சின்ன அருவி அது. பேர் நன்றாக இருந்தது, அதுதான் எரிச்சல். எனக்குத் தோன்றியிருந்தால் நானே வைத்திருப்பேன். பேரை விடுங்கள், என்னிடம் வழக்கமாகப் படுக்கிறவர்கள்கூட என் கையைப் பார்த்துவிட்டு அவன் கல்லுக்குப் போனார்கள். நாற்பது வருசம் எந்தெந்த ஊர் முதுகையெல்லாமோ பார்த்த கை, மடியில் சும்மா கிடந்தது. வீட்டில் சொன்னபோது என் பெண்டாட்டி அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ஒட்டும்னா மொதல்ல எனக்குல்லா ஒட்டிருக்கணும். ஒங்க சோம்பேறித்தனமே இத்தனை வருசத்துல எனக்கு ஒட்டல."

நான் பழி வாங்க முடிவு செய்தேன். அவன் எண்ணெயில் மிளகாய்த்தூள் கலக்கலாமா என்று யோசித்தேன், எரிவது படுத்திருப்பவருக்கு. அவன் கல்லில் விளக்கெண்ணெய் ஊற்றலாமா என்று யோசித்தேன், எண்ணெய்க்கல்லில் எண்ணெய் ஊற்றினால் யாருக்குத் தெரியும்? ஒன்றும் அமையவில்லை. சும்மா இருந்த நேரத்தில் நர்ஸம்மா சொன்ன பயிற்சியைச் செய்தேன். மூத்திரத்தைப் பாதியில் நிறுத்துகிற மாதிரி கீழே இறுக்க வேண்டும், பத்து எண்ண வேண்டும், விட வேண்டும். வெளியே பார்த்தால் ஆள் கல்லில் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு தடவை இறுக்கும்போதும் அவன் கழுத்தை நினைத்துக்கொண்டேன். பயிற்சி நல்ல பலன் தந்தது. முட்டினாலும் உடனே ஓடாமல் அஞ்சு நிமிசம், பத்து நிமிசம் என்று தள்ளிப் போடப் பழகினேன். வேட்டிக்குள்ளே பேடு வைத்துக்கொண்டேன், கல்லுக்கு அடியில் மஞ்சள் பையில் ஒரு மாற்று வேட்டி. சொட்டுவது குறைந்தது. ஆனால் வருகிற ஆள் கூடவில்லை.

அடுத்த வருசம் சீசன் தொடங்குகிற நேரம். நான் கவனித்தேன், அவன் ஓடுகிறான். காலையில் ஒரு தடவை, அரை மணியில் இன்னொரு தடவை. அந்த ஓட்டம் எனக்குத் தெரியாதா? முழங்காலைச் சேர்த்துவைத்து, வாயைக் கடித்துக்கொண்டு ஓடுகிற ஓட்டம். வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, தென்காசியில் என் வீட்டுப் பின்வாசலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கையில் ஆஸ்பத்திரி ஃபைல். எனக்கு வந்த அதே நோவு. அதே ஆஸ்பத்திரி. திங்கட்கிழமை கோடு போட வரச் சொல்லியிருக்கிறார்கள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வர முடியுமா என்று கேட்டான். எனக்கு உள்ளே மேளம் வாசித்தது. உட்காரக்கூடச் சொல்லவில்லை. பிறகு அவன் ஒன்று கேட்டான், மேளம் நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. ஒங்ககிட்டேருந்து ஒட்டிருக்குமோ?"

தான் சொன்ன பொய்யைத் தானே நம்புகிறான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவனுக்கும் அதே நோவு என்று தெரிந்தால் அருவிக்கரையில் என்ன பேசுவார்கள்? பார்த்தீர்களா, பக்கத்துக் கல்லுக்கே ஒட்டிவிட்டது என்பார்கள். இவன் பொய்க்கு இவன் உடம்பே சாட்சி சொல்லப் போகிறது. நான் சாகிறவரைக்கும் ஒருத்தரும் என் கையை மேலே பட விட மாட்டார்கள். நோவு வந்தும் ஜெயிக்கிற எதிரியை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

"ஏலே, நான் ஒன்னயத் தொட்டதே கிடையாதே" என்றேன். "தொட்டிருந்தா அன்னைக்கே கழுத்தத் திருகிருப்பேன்."

அவனுக்கு ஒரு விசயம் சொன்னேன். கோடு போட்டுவிட்டால் எண்ணெய் படக் கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, என் கல்லில் வந்து படுக்க வேண்டும். நான் தேய்ப்பேன். தேய்த்து முடிப்பதற்குள் அவன் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் திங்கட்கிழமை நான் கூட வருவேன், ஏழு வாரமும் வருவேன். ஆலங்குளத்தில் எந்தக் கக்கூஸுக்குக் கதவில் கொண்டி உண்டு என்பதுவரைக்கும் காட்டித் தருவேன். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சரி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். படுப்பதற்கு முன்னால் அவனைக் கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு காப்பி வாங்கிக் கொடுத்தேன், ஸ்ட்ராங்காக. நான் ஒன்றும் குடிக்கவில்லை. "அண்ணாச்சிக்கு என் மேல இவ்வளவு பாசமா" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அருவியில் நல்ல தண்ணீர். வழி முழுக்கக் கூட்டம். கல்லுக்காரர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். குப்புறப் படுக்கப் போட்டு முதுகில் ஆரம்பித்தேன். இவ்வளவு நிதானமாக நான் யாருக்கும் தேய்த்ததில்லை. இடுப்பெலும்புக்கு மேலே கட்டை விரலை வைத்து மெல்ல ஒரு அழுத்து. அவன் கால்விரல் மடங்கியது.

"அண்ணாச்சி, முட்டுது."

"அருவியப் பாரு. தண்ணி எப்படிக் கொட்டுது பாத்தியா. ஐந்தருவியில இன்னும் அதிகமாம்."

"அண்ணாச்சி, கும்பிடுதேன்."

"இன்னும் முன்பக்கம் கெடக்கே" என்று சொல்லிப் புரட்டிப் போட்டேன். நெஞ்சு, விலா, தொப்புள். தொப்புளுக்குக் கீழே கையை வைத்துவிட்டு அப்படியே நிறுத்தினேன். அவன் நெற்றியெல்லாம் வேர்வை. சாரலாகவும் இருக்கலாம். "பேசணும்னியே" என்றேன்.

படுத்தபடியே பேசினான். முதலில் மெதுவாக. நான் கையில் ஒரு நூல் அளவு பாரம் கூட்டினேன். சத்தம் கூடியது.

"எல்லாரும் கேளுங்க. எனக்கும் அண்ணாச்சிக்கு வந்த அதே நோவுதான். அண்ணாச்சி கை என் மேல படுதது இன்னைக்குத்தான் மொதத் தடவ. ஒட்டாது. ஒட்டும்னு நான் சொன்னது பொய்யி, ஆளப் பிடிக்கச் சொன்னேன்."

அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான். நியாயத்துக்கு நான் கையை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. என் வலது பக்க எண்ணெயைத் துடைத்த அந்தத் துண்டு கண்ணுக்குள் நின்றது. ஒரே ஒரு அழுத்து போதும், இத்தனை பேர் முன்னால் கல்லோடு நனைந்துவிடுவான். அவனும் அதைத் தெரிந்துகொண்டு என் முகத்தையே பார்க்கிறான். நான் குனிந்து அவன் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து...

கொஞ்சம் இருங்கள், பக்கத்துக் கல்லிலிருந்து இப்போது அவனே கூப்பிடுகிறான்.

"அண்ணாச்சி, போன வைங்க. எனக்கு முட்டிட்டு. இந்த சாருக்கு எடது பக்கம் மட்டும் பாத்துக்கிடுங்க, இந்தா வந்துருதேன்."

சாரும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "வாங்க அண்ணாச்சி" என்கிறார். அவன் முழங்காலைச் சேர்த்துக்கொண்டு ஓடுகிறான். கட்டியிருப்பது அன்றைக்கு நான் எடுத்துக் கொடுத்த என்னுடைய மஞ்சள் பை வேட்டி, இன்னும் திருப்பித் தரவில்லை. அங்கே பாதி முதுகு காய்ந்துகொண்டு கிடக்கிறது. இவன் வருவதற்குள் இடது பக்கத்தையும் முடித்து, வலது பக்கத்தையும் முதலிலிருந்து தேய்த்துவிடுவேன். போகிறேன்.