ஒன்பது மாதப் பிள்ளையும் ஆம்பளைதான்: கம்பத்தில் ஒரு செவ்வாய் நோன்பு

போன வருடம் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, என் கல்லூரித் தோழி ஜெயந்தி வாட்ஸப்பில் ஒரு ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். மூடிய கதவு ஒன்று, அதன் முன்னால் குவிந்து கிடந்த பெண்களின் செருப்புகள். கீழே ‘ஆண்களுக்கு அனுமதி இல்லை’ என்று எழுதியிருந்தாள். அப்போது நான் மதுரையில் ஆறு மாத வயிற்றோடு, ஒருக்களித்துப் படுத்தபடி, அந்தச் செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், வயிறு எரிந்தது. அடுத்த மாசிக்கு என் செருப்பும் அங்கே கிடக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இந்த வருடம் வசதியாக அமைந்தது. மார்ச் எட்டு ஞாயிற்றுக்கிழமை. பழனிசெட்டிபட்டியில் இருக்கும் என் நாத்தனார் அவர்கள் தெருச் சங்கத்தின் மகளிர் தின விழாவுக்கு அழைத்திருந்தார். செவ்வாயன்று கம்பத்தில் ஜெயந்தி வீட்டில், பெண்கள் மட்டும் கூடும் அந்தச் செவ்வாய் நோன்பு. ஒரே பயணத்தில் இரண்டு மகளிர் தினம் என்று கணவரிடம் சொல்லி விடுப்பு போட வைத்தேன்.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை ஏழு மணிக்குப் பேருந்து. தேனி வரை சுமார் 75 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஜன்னலோர இடத்தைக் கேட்டு வாங்குங்கள், கைக்குழந்தைக்குக் காற்று முக்கியம். எங்கள் கவினுக்கு ஒன்பது மாதம். உசிலம்பட்டி தாண்டும்வரை அழுதான், அதன்பின் தூங்கினான். அவன் மூச்சு விடுகிறானா என்று மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்ததால் மலைகள் எப்போது தொடங்கின என்று எனக்குத் தெரியாது. தேனியிலிருந்து பழனிசெட்டிபட்டிக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, கணவர் மட்டும் டிக்கெட் எடுத்தார்.

விழா பதினோரு மணிக்கு. எல்லோரும் ஊதா நிறப் புடவை கட்ட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கோலப்போட்டி, இசை நாற்காலி, ஆளுக்கொரு ரோஜாப்பூ. சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், பெண்ணின் பெருமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கோலத்துக்கு மார்க் போட்டதும் மூன்று ஆண்கள்தாம். இதையெல்லாம் கிண்டல் செய்யத்தான் நினைத்தேன், ஆனால் முடியவில்லை. கடைசி வரிசையில், மடியில் ஈரத் துணியும் தோளில் கவின் கக்கிய பாலுமாக உட்கார்ந்திருந்த எனக்கு, இசை நாற்காலியைச் சுற்றி ஓடியவர்களைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. பரிசு வாங்கிய நாத்தனாரைப் பார்த்துக்கூட இல்லை. இரண்டு கையும் சும்மா வீசி ஓடினார்களே, அதற்காக.

செவ்வாய் சாயங்காலம் கணவரை அவர் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, கவினோடு தனியாகக் கம்பம் கிளம்பினேன். ஆண்களுக்கு அனுமதியில்லாத இடத்துக்கு அவர் எதற்கு? தேனியிலிருந்து நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், கட்டணம் முப்பத்தெட்டு ரூபாய். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் வழி. உத்தமபாளையம் கடந்ததும் பந்தல் போட்ட திராட்சைத் தோட்டங்கள் தொடங்கும், வலது பக்கம் உட்காருங்கள். பேருந்து நிலையத்திலிருந்து ஜெயந்தி வீட்டுக்கு ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

ஆட்டோக்காரர் தெருப் பெயரைக் கேட்டதும் சிரித்தார். “நோம்புக்கு வாரீகளா? இன்னைக்கு எங்க வீட்டுலயும் அதேதான். எட்டு மணிக்கு மேல எங்களுக்கு வீடே கிடையாது. ஸ்டாண்டுல பத்துப் பேரு வண்டியிலயே படுத்துக் கெடப்போம்.”

“கோபமா இருக்காதாண்ணே?”

“என்ன கோவம்? உள்ள என்னதான் பேசுறாகன்னு முப்பது வருசமாக் கேக்குறேன். என் பொண்டாட்டி வாயத் தொறக்க மாட்டேங்கிறா.” பிறகு கண்ணாடியில் கவினைப் பார்த்தார். “ஆமா, இவரு எங்க தங்கப் போறாரு?”

அவர் விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

ஜெயந்தி வாசலிலேயே கட்டிக்கொண்டாள். உள்ளே அவள் மாமியார் பச்சரிசி மாவு சலித்துக்கொண்டிருந்தார். ஜெயந்தியின் மூன்று வயது மகள் பட்டுப்பாவாடையில் மாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நான் கவினைத் தரையில் விட்டதும் மாமியாரின் சல்லடை நின்றது.

“இது பயலா? ராத்திரிக்கு யாருகிட்ட விடப் போற ஆத்தா?”

“அத்தை, இவன் பால் குடிக்கிற பிள்ளை.”

“குடிக்கட்டும். ஆம்பள ஆம்பளதான். தொட்டில்ல கெடக்குற பயலக்கூட உள்ள விட்டதில்ல.”

ஜெயந்தியைப் பார்த்தேன். “உனக்குத் தெரியும்னு நெனச்சேன்டி,” என்றாள். “அனுமதி இல்லைன்னு போட்டிருந்தேனே.”

போட்டிருந்தாள்தான். ‘ஆண்கள்’ என்றால் மீசை வைத்தவர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கவின் பிறந்ததிலிருந்து என்னை விட்டு அரை மணி நேரம் இருந்ததில்லை. கணவரை வரச் சொன்னால் வந்து சேர எட்டரை ஆகிவிடும், அவர் வந்து தங்கவும் இங்கே இடமில்லை. வருடம் முழுக்கக் காத்திருந்தது வாசற்படியோடு முடிந்ததா? ஜெயந்தியின் மகள் மாவுக் கையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெண்ணாகப் பிறந்த ஒரே தகுதியில் உள்ளே இருக்கப்போகிற அந்தக் குழந்தை மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது.

“எதிர்வீட்டு சபுரா அக்காகிட்ட விடு,” என்றாள் ஜெயந்தி. “தெருவுல உள்ள பொடியனுக எல்லாம் இன்னைக்கு அங்கதான்.”

அது உண்மை. ரமலான் நோன்பு திறந்து முடித்த நேரம், சபுரா அக்கா வீட்டில் நான்கைந்து பாய்களில் சிறுவர்கள் உருண்டுகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மாசியிலும் இந்த ஏற்பாடாம். அவர் வீட்டு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள்.

“உங்களுக்குத் தொழுகை இருக்குமேக்கா,” என்றேன்.

“நான் வீட்டுலயே தொழுதுக்குவேன். நாளைக்குப் பொம்பளைக தொழுகைக்கு நான் போவேன்ல, அப்ப எங்க வீட்டு வாலுகள ஜெயந்தி மேய்ப்பா. புள்ளைய இங்கன குடு தாயி.”

“அழுவான்க்கா. மூணு நிமிஷத்துக்கு மேல…”

“அழுதா எதிர்வீடுதானே? ஜன்னலத் தட்டுறேன். ஒனக்கு வரணுமா, வேணாமா?”

வர வேண்டும். வயிறு நிறையப் பால் கொடுத்தேன். மாற்றுத் துணி, கிலுகிலுப்பை, காய்ச்சல் மருந்து, என் கைபேசி எண், கணவரின் எண் எல்லாம் கொடுத்தேன். “ஆஸ்பத்திரி ஒண்ணத்தான் வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்ட,” என்றார் சபுரா அக்கா. திரும்பிப் பார்க்காமல் தெருவைக் கடந்தேன். செருப்பை மற்ற செருப்புகளின் நடுவே விட்டேன். கதவு மூடியது.

உள்ளே நடந்ததை எழுத மாட்டேன். “நீ எழுதுவன்னு தெரியும். கதவு வரைக்கும் எழுதிக்க,” என்பது ஜெயந்தி போட்ட நிபந்தனை. கொழுக்கட்டையில் உப்பு கிடையாது, ஒரு கதை உண்டு, செய்ததை அங்கேயே தின்று தீர்க்க வேண்டும் என்பதெல்லாம் ஊரறிந்தவை. நான் சேர்த்துச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கல்லூரி விடுதிக்குப் பிறகு அவ்வளவு சிரித்ததில்லை. நடுவில் என் ரவிக்கை நனைந்தது. உடம்புக்கு மணி தெரிந்துவிட்டது. நான் ஜன்னலைப் பார்த்தேன். யாரும் தட்டவில்லை. பிறகு மறுபடி சிரித்தேன்.

கதவு திறந்தபோது பதினொன்றரை. எதிர்வீட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். சபுரா அக்கா சுவரில் சாய்ந்திருந்தார். கவின் அவர் தோளில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

“அழலையாக்கா?”

“அழுகையா? வந்ததுல இருந்து ஒரே…” என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்தார். “ஒரே அழுகை தாயி. அம்மா அம்மான்னு. இப்பத்தான் அசந்தான்.”

கவினுக்கு இன்னும் அம்மா என்று சொல்ல வராது. கன்னத்தில் கண்ணீர்க் கோடும் இல்லை. அவரது தோளிலிருந்து அவனைப் பிரித்தபோது சிணுங்கிக்கொண்டு அவர் பக்கமே சாய்ந்தான். அன்று பட்ட பொறாமைகளில் அதுதான் பெரிது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். இந்த நோன்புக்கு விளம்பரமோ நுழைவுச்சீட்டோ கிடையாது, ஒரு வீட்டுப் பெண் அழைத்தால்தான் போக முடியும். ராத்திரி அங்கேயே தங்க வேண்டியிருக்கும். காலை ஆறு மணியிலிருந்து தேனிக்குப் பேருந்துகள் உண்டு. கைபேசியை வெளியே வைத்துவிடுங்கள். வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள், உப்பில்லாத மாவு சீக்கிரம் நிறைந்துவிடும். ஆண் குழந்தை இருந்தால், எத்தனை மாதமானாலும், முதலிலேயே சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அழுதானா என்று கேட்காதீர்கள். கேட்காமல் இருக்க முடியாது என்றால், உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் பிள்ளையை விட்டுப் போங்கள்.