சின்னப் பல்லு

காலை 6.10. கொட்டகலை கடைவீதியில் முதலில் கண்ணில் படுவது பாண் ரொட்டிப் பெட்டி கட்டிய ஒரு மலைச் சைக்கிள். மேல் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பாண் கொண்டுபோகும் செல்வத்துடையது. அவர் என் கியர் சைக்கிளையே பார்க்கிறார்.

"நம்மளதும் கியர் வச்சதுதாங்க. உடைஞ்சு போச்சு, சாமான் கிடைக்கல. பின்னால ஒத்தப் பல்லுச் சக்கரமா மாத்திட்டேன்."

இரண்டு பின்சக்கரங்களிலும் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுப் பார்க்கிறோம். ஏற்றத்துக்கான கியரில் என் பெடலை ஒருமுறை சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுகூட முடிப்பதில்லை. அவருடையது இரண்டு சுற்றுப் போகிறது. ஏற்றத்தில் அந்த இரண்டு சுற்றின் பாரம் முழுவதும் காலில்தான் விழும். பின்சக்கரத்தில் இருப்பது மிகச் சின்னப் பல்லுச் சக்கரம்; அவரே கேட்டுப் போட்டது.

"முன்னால சின்னது போட்டா லேசா ஏறும்ல? பின்னாலயும் அப்படித்தான்னு நெனச்சுட்டேங்க."

"பெருசா மாத்திடலாமே?"

"செயினையும் வெட்டியாச்சு. பெருசுக்கு எட்டாது."

ஆட்கள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் பாண் லயத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நேற்று நேரம் பிந்தியதால் பாதிப் பெட்டி திரும்பி வந்துவிட்டது. இன்றும் வந்தால் நாளை முதல் இந்த வேலையை த்ரீவீல் ஆட்டோக்காரருக்குக் கொடுத்துவிடுவதாக பேக்கரி முதலாளி சொல்லியிருக்கிறார்.

"ஒரு மிதிக்கு உங்களவிட ரெண்டு மடங்கு தூரம் போறேன், பாருங்க" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு ஏறி மிதிக்கிறார்.

முதல் திருப்பத்திலேயே இறங்கித் தள்ளுகிறார். மேலே தோட்டத்தில் பெரட்டுச் சங்கு ஊதுகிறது.