மஸ்தான் வண்டி ஏன் கொதித்தது

கச்சிபௌலி ஐ.டி. கம்பெனிகளுக்கு கேப் ஓட்டியவர்களை அந்த நாளில் எதற்கெடுத்தாலும் திட்டினார்கள். வண்டி லேட்டானால் டிரைவர், ரோட்டில் ஜாம் என்றால் டிரைவர், இன்ஜின் சூடானாலும் டிரைவர்தான்.

நான் ஃபோர்மேனாக இருந்த அல்வால் ஒர்க்‌ஷாப்புக்கு டிரைவர் மஸ்தான் ஓட்டிய வண்டியை, மறுபடியும் கொதித்து நின்றுவிட்டதென்று கட்டி இழுத்து வந்தார்கள். வண்டியின் ஓனர் தனபாலும் கூடவே வந்தார்.

"தண்ணி பாக்காம ஓட்டிருக்கான். இனிமே இவன் நக்கோ, வேணவே வேணாம், வேற ஆள் பாத்துட்டேன்."

"தினம் பாத்துதான் அண்ணே எடுக்கறேன்" என்றார் மஸ்தான். யாரும் காதில் வாங்கவில்லை. எங்கள் முதலாளி ஜேம்ஸ் வண்டியைத் தொடாமலே, "ஹவ், ஆமா, டிரைவர் மிஸ்டேக்தான்" என்று தலையாட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பானட்டைத் திறந்தேன். லீக் இல்லை. ஃபேன் ஓடியது. அதற்கு முந்தின மாதம் நான் லீவில் இருந்தபோது ஜேம்ஸே ரேடியேட்டரைக் கழுவிக் கொடுத்திருந்தார். சூடாக ஆரம்பித்ததும் அதற்கப்புறம்தான். இன்ஜினை ஓடவிட்டு ஓஸ்களைத் தொட்டேன். மேல் ஓஸ் சுட்டது, ரேடியேட்டரின் அடி ஓஸ் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. தண்ணீர் அந்த வழியாகச் சரியாக ஓடவில்லை.

ஆறவிட்டு தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினேன். உள்ளே வால்வே இல்லை.

"இதை யாரு எடுத்தது?"

"நான்தான். நம்ம ஊரு வெயிலுக்கு வால்வு கைக்கு, எதுக்கு வேணும்? வர்ற வண்டி எல்லாத்துலயும் எடுத்துருவேன்" என்றார் ஜேம்ஸ் பெருமையாக.

அந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட் வால்வு சூட்டில் ரேடியேட்டர் பக்கம் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும். வால்வு இல்லாவிட்டால் கொதிக்கிற தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் இன்ஜினுக்கே திரும்பிவிடும். இதை முதலாளியென்றும் பார்க்காமல் கத்தித்தான் சொன்னேன். "கை வச்சது நீங்க, வேலை போறது அவருக்கா?" என்றும் கேட்டேன்.

புது வால்வு போட்டு, ஏ.சி.யுடன் நெடுந்தூரம் ஓட்டிப் பார்த்தோம். சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டவில்லை. தனபால் ஏதோ தானம் கொடுப்பவர்போல, "சரி, நாளைக்கு ட்யூட்டிக்கு வந்துரு" என்றார்.

மஸ்தான் நகரவில்லை. "ஸ்டாண்டுல எல்லா டிரைவரும் நிக்கறப்பதானே அண்ணே வெளிய போடான்னீங்க? அங்க வந்து சொல்லுங்க, வர்றேன்."

தனபால் ஸ்டாண்டுக்குக் கிளம்ப, நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பானட்டைத் திறக்காமல் டிரைவர் மேல் பழி போடாதீர்கள். அன்றைக்கு ஸ்டாண்டில் தனபால், "தப்பு இவன் மேல இல்ல" என்று முணுமுணுத்தார்.

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல அண்ணே" என்றார் மஸ்தான்.

தனபால் இன்னொரு தடவை, உரக்கச் சொன்னார்.