இடக்கை முறுக்கிய தோரணம்

நீளச் சங்கிலியாய்க் கோர்த்த சில மூலக்கூறுகள் திருகாணி மரைபோலச் சுருளும். இடமாகச் சுருள்வதும் வலமாகச் சுருள்வதும் அவற்றுக்கு ஒன்றுதான். ஆனால் ஒரு முனையில் இடப்பக்கம் திரும்பிய சிறு துண்டைச் சேர்த்துவிட்டால், சங்கிலி முழுவதும் அதன் பக்கமே திரும்பிவிடும். வேதியியல் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு முதுகு சில்லிடும். மாணவர்கள் மின்விசிறியைக் குறைப்பார்கள். நல்ல பிள்ளைகள்.

என் அக்கா இடக்கைக்காரி. அம்மாவுக்கு அது மானப் பிரச்சினை. "பீச்சாங்கைய நீட்டாத!" என்று புறங்கையில் கரண்டியால் போடுவார். சோற்றுக்கும் எழுத்துக்கும் அக்கா வலக்கைக்கு மாறினாள். மற்றதற்கு மாறவில்லை. மெர்டேக்கா, மலாய் மொழியில் சுதந்திரம், வந்த வருஷம் நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் எங்கள் தெருவுக்கே தோரணம் கட்டியவள் அவள்தான். வண்ணத்தாளின் முனையை எங்கள் வாசல் ஆணியில் கட்டி, இடக்கையால் முறுக்கிக்கொண்டே போனாள்.

சில மாதங்களில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. தோரணத்தில் ஒரு சாண் மட்டும் ஆணியில் மிச்சமிருந்தது. வெளுத்துப்போன அதை அம்மா யாரையும் தொட விடவில்லை. காற்றே இல்லாத மத்தியானங்களிலும் அது மெல்ல அசைவதைப் பார்த்திருக்கிறேன். பயந்துபோய்ப் பின்வாசல் வழியாகவே போய்வந்தேன்.

மறுவருஷம் அதே நாள் வந்தது. அம்மா அடுப்படியில் இருந்த நேரம், தெருப்பிள்ளைகள் புதுத்தாளை அந்தப் பழைய சாணின் நுனியிலேயே மரவள்ளிக் கஞ்சியால் ஒட்டிவிட்டார்கள். எல்லோரும் வலக்கைக்காரர்கள். அவர்கள் முறுக்க முறுக்க, அக்காவின் சாண் பிரிய ஆரம்பித்தது.

"ஐயோ, விடுங்கடா! அவ முறுக்கு அவுருது!" என்று அம்மா ஓடிவந்தார். அக்காவைத் தூக்கிப்போன அன்றுகூட அவர் அப்படி அலறவில்லை.

"பின்ன எப்படி அத்தே சுத்துறது?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

அம்மா தாளை வாங்கினார். வலக்கையால் முயன்றார், பழக்கம் விடவில்லை, பிரியும் பக்கமே திரும்பியது. இடக்கைக்கு மாற்றினார். சாண் மறுபடி இறுகியது. புதுத்தாளும் அதே பக்கம் சுருண்டது. பிள்ளைகள் தொடர்ந்தார்கள். பக்கம் மாற்றினால் முன்னால் முறுக்கியது அவிழ்ந்துவிடும் என்பதால் எல்லோரும் இடமாகவே முறுக்கினார்கள், தெருமுனை வரை.

தெரு முழுக்க அக்காவின் கை. அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே தன் இடது புறங்கையைத் தடவினார்.

"இந்தக் கையத்தான்டா அடிச்சேன்."

அன்று மத்தியானம் அதே கரண்டியை இடக்கையில் பிடித்து எனக்குச் சோறு போட்டார்.